குச்சிக்கிழங்குத் தழை ஆட்டுக்கு நஞ்சா, தீவனமா?

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கிழங்குக் காட்டுக்குள் புகுந்து மேய்ந்த வெள்ளாடு கொஞ்ச நேரத்திலேயே விழுந்து செத்தது. அதே தழையைக் காயவைத்துப் போடலாம் என்கிறார்களே, நம்பலாமா?"

நம்பலாம். ஆனால் எப்படிக் காய வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியின் இலையில் சயனைடு தனியாக இருப்பதில்லை. சர்க்கரையோடு பிணைந்து, லினமரின் என்ற சேர்மமாகச் செல்லுக்குள் ஒரு பையில் அடைபட்டிருக்கிறது. அதை உடைக்கும் லினமரேஸ் நொதி இருப்பது செல்சுவரில். இலை முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதே இல்லை. ஆடு கடித்து மென்றதும் செல் நசுங்குகிறது, இரண்டும் கலக்கின்றன, ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. மிச்ச லினமரினை முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே உடைத்துவிடும். அப்புறம் ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் உடல் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாது. ஆடு மூச்சுத் திணறிச் சாகிறது. கண்ணு பட்டுவிட்டது என்று மந்திரிக்க ஓடும் நேரத்தில் கால்நடை மருத்துவரை அழைத்தால் தயோசல்பேட் ஊசி போட்டுப் பிழைக்க வைக்க வாய்ப்புண்டு. தயவுசெய்து அந்த நேரத்தை வீணாக்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான். ஆட்டின் வாயில் நடப்பதை நாம் முன்கூட்டியே களத்தில் நடத்திவிடலாம். தழையைப் பொடியாக நறுக்கினால் அங்கேயே நொதியும் லினமரினும் கலந்துவிடும். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை சுமார் 26 டிகிரிதான். சேலத்து வெயிலில் அது தானாகவே காற்றோடு போய்விடும். அதனால் மூடிய அறையில் வேண்டாம், திறந்தவெளியில் மெல்லிசாகப் பரப்புங்கள். சரி, சீக்கிரம் காயட்டும் என்று அதிகச் சூடு கொடுத்தால்? லினமரின் உடையும் முன்பே நொதி வெந்து செயலிழந்துவிடும். தழை சருகாக மொறுமொறுவென்று இருக்கும், லினமரின் அப்படியே உள்ளே இருக்கும். தின்ற பிறகு நுண்ணுயிர்கள் அதை உடைக்கும். நறுக்கி, வாடவிட்டு, இரண்டு மூன்று நாள் நிதானமாக உலர்த்துவதே பாதுகாப்பு.

அதன் பிறகும் தங்கும் சிறு அளவை ஆட்டின் கல்லீரல் கந்தகத்தோடு சேர்த்து தயோசயனேட்டாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? ஜவ்வரிசி ஆலையில் கிழங்கிலிருந்து மாவெடுத்த பிறகு மிஞ்சும் சக்கையான திப்பியில் கொஞ்சம் மாவும் நாரும் உண்டு, புரதம் மிகக் குறைவு. அதை மட்டும் போட்டால் ஆடு தேறாது. காய்ந்த தழையிலோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். அறுவடையில் வீணாகப் போவது அதுதான்.

இலையில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. நசுக்கிய இலையோடு பாட்டிலுக்குள் தொங்கவிட்ட மஞ்சள் பிக்ரேட் தாள் (பிக்ரேட் என்ற வேதிப்பொருளில் நனைத்த தாள்) செங்கல் நிறமானால் சயனைடு இருக்கிறது என்று பொருள். பெரிய ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்குபவர்கள், கிழங்கு விளையும் ஊர்களின் கால்நடை மருந்தகங்களில் இந்தத் தாள் கிடைக்கவும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும்.