சின்னக் கோணத்தைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்

நேற்று இரவு ஏழாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். '30°, 40°, 110° கோணங்கள் கொண்டது எவ்வகை முக்கோணம்?' என்பது கேள்வி. விடைத்தாள் கட்டின் பாதியைத் தாண்டுவதற்குள் பதினோராவது முறையாக அதே விடை: 'குறுங்கோண முக்கோணம்'. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டால் பிள்ளைகள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "30 குறுங்கோணம்தானே சார்?" 90°க்குக் குறைவு, அதனால் குறுங்கோணம்தான், மறுக்கவில்லை. ஆனால் குறுங்கோணமே இல்லாத முக்கோணம் உண்டா? மூன்று கோணங்களின் கூடுதல் 180°. அதில் இரண்டு கோணங்களே தலா 90° எடுத்துக்கொண்டால் மூன்றாவதற்கு மிச்சம் ஏது? அதனால் எந்த முக்கோணத்தை எடுத்தாலும் குறைந்தது இரண்டு குறுங்கோணங்கள் இருந்தே தீரும். ஒரு கோணம் சரியாக 90° உள்ள செங்கோண முக்கோணத்திலும் இரண்டு, ஒரு கோணம் 90°ஐத் தாண்டிய விரிகோண முக்கோணத்திலும் இரண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பதை வைத்து ஒன்றை எப்படிப் பிரித்தறிவது? மூன்று கோணங்களும் 90°க்குக் குறைவாக இருந்தால்தான் அது குறுங்கோண முக்கோணம். பெரிய கோணத்தைத் தேடுங்கள். பெயரை முடிவு செய்வது அது ஒன்றுதான். நேற்றைய கேள்வியில் அது 110°; ஆகவே விடை விரிகோண முக்கோணம்.

பக்கங்களை வைத்து வகைப்படுத்துவதில் இவ்வளவு தொல்லை இல்லை. சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம். பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. சக ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு சொல்: இரண்டு பக்கங்கள் மட்டும் சமமாக இருப்பதைத்தான் பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இருசமபக்கம் என்றார். இன்றோ 'குறைந்தது இரண்டு' என்று கொண்டு, சமபக்க முக்கோணத்தையும் அதற்குள் சேர்ப்பவர்கள் பலர். எதைப் பின்பற்றுகிறீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், பாவம் பிள்ளைகள்.

இன்னொன்று, கண்ணை நம்புவது. போன வாரம் ஒரு மாணவி 6, 7, 9 செ.மீ. பக்கங்களில் முக்கோணம் வரைந்து, 'செங்கோணம்' என்று எழுதி, அதற்கு அடையாளமாக மூலையில் சின்னக் கட்டமும் போட்டுக் கொண்டுவந்தாள். பார்க்க அப்படியேதான் இருந்தது. கோணமானியை வைக்கச் சொன்னேன். 87° காட்டியது. 5, 6, 8 வரையச் சொன்னேன். அதுவும் பார்வைக்குச் செங்கோணம்தான். அளந்தால் 93°க்குப் பக்கம். ஒன்று குறுங்கோண முக்கோணம், மற்றது விரிகோண முக்கோணம். கோணமானி கையில் இல்லாவிட்டாலும் கவலையில்லை. சிறிய பக்கங்கள் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி, பெரிய பக்கத்தின் வர்க்கத்தோடு ஒப்பிடுங்கள். 36 + 49 = 85; 9இன் வர்க்கம் 81. கூடுதல் பெரிதாக இருந்தால் குறுங்கோணம். 25 + 36 = 61; 8இன் வர்க்கம் 64. கூடுதல் சிறிதாக இருந்தால் விரிகோணம். இரண்டும் சமமானால் மட்டுமே அந்தச் சின்னக் கட்டம்.

இதில் எங்கள் தவறும் இருக்கிறது. கரும்பலகையில் செங்கோணத்தை எப்போதும் இடது கீழ் மூலையிலேயே வரைந்து பழக்கிவிட்டோம். அதையே சாய்த்து, செங்கோணம் உச்சியில் வரும்படி வரைந்தால் பிள்ளை திகைத்து நிற்கிறது. தயவுசெய்து அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டிக் கொடுத்து, நாலு பக்கமும் திருப்பித் திருப்பிக் கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் சொல்லிக்கொடுக்கும்போது 'அசமபக்கமா, விரிகோணமா?' என்று கேட்காதீர்கள். இரண்டில் ஒன்றுதான் சரி என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். பக்கத்துக்கு ஒரு பெயர், கோணத்துக்கு ஒரு பெயர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். நேற்றைய கேள்வியின் முக்கோணத்துக்கு இரண்டு பெயருமே பொருந்தும். கோணங்கள் மூன்றும் வெவ்வேறாக இருக்கும்போது பக்கங்கள் மட்டும் எப்படிச் சமமாகும்?