குறைமாதக் குழந்தைக்கு மூளை எம்.ஆர்.ஐ: சீட்டில் வாரக் கணக்கு இருக்கிறதா?

பெரியவர்களின் மூளையை எம்.ஆர்.ஐயின் டி2 வகைப் படத்தில் (நீர் வெளுப்பாகத் தெரியும் வகை) பார்த்தால், உள்ளிருக்கும் வெண்பொருள் கறுத்தும் ஓரத்துச் சாம்பல்பொருள் வெளிறியும் தெரியும். பிறந்த குழந்தையிடம் இது அப்படியே தலைகீழ். வெண்பொருளில் மயலின் (நரம்பிழைகளைச் சுற்றும் கொழுப்பு உறை) இன்னும் படியவில்லை, நீர்ச்சத்து மிகுதி, அதனால் அது பளிச்சென்று வெளுத்திருக்கும். ஸ்கேனுக்கு எழுதும் சீட்டில் "வயது 3 மாதம்" என்று மட்டும் எழுதி அனுப்பினால், படம் படிப்பவர் 3 மாதக் குழந்தையின் அளவுகோலைத்தான் எடுப்பார். மயலின் தாமதம், மடிப்பு குறைவு என்று ரிப்போர்ட் வந்துவிடும். ஆனால் 27 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 13 வாரம் ஆனால், கருவில் இருந்ததையும் சேர்த்துக் கணக்கு 40 வாரம்தான், அதாவது நிறைமாதம். அந்த மூளையை நேற்றுப் பிறந்த நிறைமாதக் குழந்தையின் மூளையோடுதான் ஒப்பிட வேண்டும். கோவை, ஈரோடு, சேலம் என்று ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்றோர் அலைவதில் கணிசமான பங்கு, சீட்டில் இந்த வாரக் கணக்கை எழுதாததால் வருவது.

24 வாரத்தில் மூளையின் மேற்பரப்பு அம்மிக்குழவி போல ஏறக்குறைய வழுவழுப்பாக இருக்கும். அடுத்த 16 வாரத்தில்தான் மடிப்புகள் வரிசையாக விழுகின்றன. 34, 35 வாரத்தில்கூட மூளையின் எடை நிறைமாத எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். "ஏழு மாசம் பொழைக்கும், எட்டு மாசம் பொழைக்காது" என்று நம்மூரில் இன்னும் சொல்கிறார்கள். மூளையின் கணக்கு அதற்கு நேர்மாறு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான்.

முதல் பரிசோதனை எம்.ஆர்.ஐ அல்ல, உச்சிக்குழி வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்ட். இன்குபேட்டரை விட்டு எடுக்காமலே பார்த்துவிடலாம். மூளை அறைகளின் ஓரத்தில் உள்ள மென்மையான ரத்தக்குழாய்ப் பகுதியில் கசிவு பெரும்பாலும் முதல் 3 நாளில் நடந்துவிடும். ஆகவே 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு முதல் வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், பிறந்து 4 முதல் 6 வாரத்தில் ஒன்று, 40 வாரம் நெருங்கும்போது ஒன்று என்பது பொதுவான முறை. கசிவு, அறை வீக்கம், வெண்பொருளில் விழும் பெரிய ஓட்டைகள் ஆகியவை இதில் தெரிந்துவிடும். சிறுமூளையில் உள்ள சிறு கசிவும், வெண்பொருளில் பொட்டுப் பொட்டாக இருக்கும் காயமும், பரவலான வளர்ச்சிக் குறையும் இதில் தப்பிவிடும். எம்.ஆர்.ஐக்கு வேலை வருவது அங்கேதான்.

அதற்காகக் குறைமாதத்தில் பிறந்த எல்லோரையும் எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்வது சரியல்ல. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாடமி 2015-ல், குறைமாதக் குழந்தைகளுக்கு வழக்கமாக எம்.ஆர்.ஐ எடுத்து வடிகட்டுவதைத் தவிர்க்கச் சொன்னது. அல்ட்ராசவுண்டில் கோளாறு, 28 வாரத்துக்கு முந்தைய பிறப்பு, கடுமையான தொற்று, வலிப்பு, உடல் இறுக்கத்தில் மாற்றம் என்று ஏதாவது காரணம் இருக்க வேண்டும். 35 வாரத்தில் பிறந்து நன்றாகப் பால் குடிக்கும் குழந்தைக்கு "எதுக்கும் ஒண்ணு எடுத்துப் பாத்துரலாங்க" என்பது வீண் செலவு, வீண் பயமும்கூட. எடுப்பதென்றால், கருவில் இருந்ததையும் சேர்த்த கணக்கில் 38 முதல் 42 வாரத்துக்குள் எடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் நாள் வசதியாக இருக்கிறது என்று 35 வாரத்திலேயே எடுத்தால், பார்க்க வேண்டிய பாதி விஷயம் அப்போது உருவாகியிருக்காது.

இந்த வயதில் தூக்க மருந்து பெரும்பாலும் தேவையில்லை. பால் குடித்த களைப்பில் வரும் தூக்கமே போதும். ஆனால் அதைத் திட்டமிட வேண்டும். கோபி, தாராபுரம், சத்தியமங்கலத்திலிருந்து வரும் குழந்தை காரில் அசந்து தூங்கிவிடும், ஸ்கேன் வாசலில் இறக்கும்போது விழித்துக்கொள்ளும். வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் குழந்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனவே கிளம்பும்போது வயிறு நிறையக் கொடுத்துவிடாதீர்கள். சீக்கிரமே வந்து சேர்ந்து, குழந்தையைக் கொஞ்ச நேரம் விழிக்க வைத்து, குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பு பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வைத்து, பருத்தித் துணியில் கை கால் அசையாமல் சுற்ற வேண்டும். நேரம் குறிக்கும்போதே "பால் குடிச்சுத் தூங்கற குழந்தை" என்று சொல்லிவையுங்கள். நடுவில் விபத்து கேஸ் ஒன்று புகுந்தால் அரை மணி தள்ளிப்போகும், அந்தத் தூக்கம் போனால் அடுத்த தூக்கம் அடுத்த பாலுக்குத்தான். ஸ்கேன் அறை குளிராக இருக்கும். குழந்தையின் உடம்பும் சட்டென்று சில்லிட்டுப்போகும் என்பதால் சூடேற்றிய துணி இருந்தால் நல்லது. இயந்திரச் சத்தம் 100 டெசிபெல்லைத் தாண்டும். காதுக்குள் அடைப்பான், மேலே காது மூடி, இரண்டும் வேண்டும். தூக்க மருந்து கொடுக்கத்தான் வேண்டும் என்றால், மூச்சு நின்றுபோகும் ஆபத்து குறைமாதக் குழந்தைக்கு அதிகம் என்பதால், முடிந்த பிறகும் கண்காணிப்பில் வைப்பார்கள். "சீக்கிரம் அனுப்பிருங்க" என்று அவசரப்படுத்த வேண்டாம்.

உலோகத்தைக் கழற்றும் இடத்தில்தான் வாக்குவாதம் வரும். வெள்ளி அரைஞாண், தண்டை, தாயத்து, பிரஸ் பட்டன் வைத்த சட்டை, துணிக்குள் மறந்துபோன ஊக்கு எல்லாமே வெளியே வர வேண்டும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, ஆனால் அதன் கொக்கி என்ன உலோகம் என்று யாருக்குத் தெரியும்? தாயத்துக்குள் என்ன இருக்கிறது என்று கட்டியவருக்கே தெரியாது. "சாமிக்கு வேண்டிக் கட்டுனதுங்க, கழட்டக் கூடாது" என்று அமுச்சி (பாட்டி) மறுப்பார். "கழட்டி உங்க கையிலயே வெச்சிருங்க அமுச்சி, முடிஞ்சதும் நீங்களே கட்டிவிடுங்க" என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். கண்ணில் தீட்டிய மையையும் திருஷ்டிப் பொட்டையும் அன்று வைக்க வேண்டாம். சில மைகளில் இரும்பு ஆக்சைடு இருக்கும், அது கண்ணுக்குப் பின்னால் உள்ள படத்தையே கோணலாக்கிவிடும். சாதாரண ஆக்சிமீட்டர் கம்பி உள்ளே போனால் தோல் சுடும். எம்.ஆர்.ஐக்கென்றே உள்ள கருவியைத்தான் மாட்ட வேண்டும், அதன் கம்பியையும் சுருட்டி வைக்கக் கூடாது.

பச்சிளம் தலைக்கென்ற காயில் (உடம்பிலிருந்து வரும் சிக்னலை வாங்கும் கூடு) எல்லா ஊரிலும் இல்லை. பெரியவர்களின் முழங்காலுக்கான காயிலில் தலையை வைத்து எடுப்பது வழக்கம்தான், படமும் நன்றாகவே வரும். மூளையைப் படத்தில் எவ்வளவு மெல்லிய துண்டுகளாகக் காட்டுகிறார்கள் என்ற வெட்டுத் தடிமன்தான் கேட்க வேண்டிய கேள்வி. பெரியவர்களுக்கு உள்ள 5 மில்லிமீட்டரையே வைத்தால் பொட்டுக் காயங்கள் நழுவிவிடும், 2 மில்லிமீட்டர் அளவில் எடுக்க வேண்டும். நீர்ச்சத்து அதிகம் என்பதால் டி2 நேர அமைப்பையும் நீட்டிக்க வேண்டும். பெரியவர்களுக்கான புரோட்டோகாலை (ஸ்கேன் அமைப்பு) அப்படியே ஓட்டினால் சாம்பலும் வெள்ளையும் பிரியாது. குழந்தை எப்போது விழிக்கும் என்று தெரியாது, ஆகவே டி1, டி2, டிஃப்யூஷன் என்ற மூன்று வகைப் படங்களையும் முதலில் எடுத்துவிட்டு, ரத்தக்கசிவைக் காட்டும் வகையை அடுத்து எடுப்பது நல்லது. கதிர்வீச்சு இல்லை, காண்ட்ராஸ்ட் ஊசியும் பொதுவாகத் தேவையில்லை.

படத்தில் முதலில் தேட வேண்டியது ஒரு சின்னக் கீற்று. மூளையின் நடுவில் உள்ள தலாமஸுக்குப் பக்கத்தில், கை கால் அசைவுக்கான நரம்புகள் இறங்கும் இன்டர்னல் கேப்ஸ்யூலின் பின்கால் பகுதியில், 40 வார டி1 படத்தில் மயலின் வெள்ளைக் கோடாக இரு பக்கமும் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இல்லையென்றால், எதிர்ப்பக்கக் கை காலில் பின்னாளில் இறுக்கம் வர வாய்ப்பு அதிகம். அடுத்தது அளவுகள். மூளையின் அகலம், இரு பாதிகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, சிறுமூளையின் அகலம் ஆகியவற்றை அளக்க வேண்டும். டேப்பில் தலைச்சுற்றளவு சரியாக இருந்தும் உள்ளே மூளை சிறுத்து, நீர் நிரம்பியிருக்கலாம்.

"வெண்பொருளில் பரவலான மிகை ஒளிர்வு" என்ற வரி ரிப்போர்ட்டில் மட்டும் தனியாக இருந்தால் தூக்கம் கெட வேண்டாம். 40 வாரத்தில் எடுக்கும் குறைமாதக் குழந்தைகளில் மிகப் பலரிடம் இது தெரிகிறது. பிற்கால வளர்ச்சியை இதை வைத்துச் சொல்ல முடியாது.

படத்தை வைத்து எதிர்காலம் சொல்ல முடியுமா? 2006-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு, 30 வாரத்துக்குள் பிறந்த 167 குழந்தைகளுக்கு 40 வாரத்தில் எம்.ஆர்.ஐ எடுத்து 2 வயதில் சோதித்தது. வெண்பொருள் காயம் மிதமாகவோ கடுமையாகவோ இருந்தவர்களிடம் இயக்கக் குறையும் அறிவு வளர்ச்சிக் குறையும் அதிகம். ஆனால் அந்தக் குழுவிலும் நன்றாக வளர்ந்தவர்கள் உண்டு, படம் சுத்தமாக இருந்தும் பின்தங்கியவர்களும் உண்டு. பேச்சு, கவனம், பள்ளிப் படிப்பு ஆகியவற்றை முன்கூட்டிச் சொல்வதில் எம்.ஆர்.ஐ இன்னும் பலவீனம்தான்.

மூளை முடக்குவாதத்தைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கு வேறு வழிகளும் வேண்டும். திருத்திய வயது (40 வாரம் நிறையும் நாளிலிருந்து எண்ணும் வயது) 3 முதல் 5 மாதத்துக்குள், மல்லாக்கப் படுத்த குழந்தையின் இயல்பான அசைவை வீடியோ எடுத்து மதிப்பிடும் முறையும், ஹேமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனையும் எம்.ஆர்.ஐயோடு சேர்ந்தால் துல்லியம் கூடும். குழந்தை அழாமல், பசியில்லாமல், சட்டை குறைவாக விழித்திருக்கும்போது 3 முதல் 5 நிமிடம் செல்போனில் எடுத்தாலே போதும். பொம்மை காட்டாதீர்கள், பேச்சும் கொடுக்காதீர்கள். கண் விழித்திரைப் பரிசோதனையையும் காது கேட்கும் சோதனையையும் இதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. தசைப் பயிற்சிக்கு, ராஷ்ட்ரிய பால சுவாஸ்திய காரியக்ரம் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் பதியலாம். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் பதியலாம், கோளாறு உறுதியாகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஸ்கேன் முடிந்ததும் ஃபிலிமோடு திருப்திப்படாமல் சிடியைக் கேட்டு வாங்குங்கள். 2 மில்லிமீட்டர் வெட்டுகள் அத்தனையும் ஃபிலிமில் வராது. உறையின் மேல் பிறந்த வாரம், பிறந்த தேதி, ஸ்கேன் அன்று எத்தனை வாரம் என்ற மூன்றையும் பேனாவால் எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரே கவரில் போட்டுவையுங்கள்.