மலிவான கூடாரம் எங்கே முறிகிறது?

வேட்டைப் பருவம் முடிந்த கையோடு என் பட்டறைக்குக் கூடாரங்கள் வரத் தொடங்கிவிடும். பழுதுபார்ப்பது என் தொழில். அதனால் ஒரு கூடாரத்தின் பெருமைகளைவிட அது முறியும் இடம்தான் எனக்கு அதிகம் பழக்கம். துணி வழியே மழை இறங்கிவிட்டது என்று வருபவை மிகக் குறைவு. ஒடிந்த கம்பி, தரையில் அறையும் முளையை மாட்டுகிற வளையம் பிய்ந்தது, பல் விலகிய ஜிப் ஆகியவைதாம் மீண்டும் மீண்டும் வருகின்றன. வாங்குகிறவர்களோ முதலில் விசாரிப்பது துணியின் நீர்த்தாங்கும் எண்ணை.

அந்த எண்ணைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 3000 மி.மீ. என்றால், துணியின்மேல் அவ்வளவு உயரத்துக்கு நீர் நின்றால்தான் கசியத் தொடங்கும் என்று பொருள். மேலே போர்த்தும் வெளித்துணியான மேல்விரிப்புக்கு 1500 மி.மீ. இருந்தாலே மழையைத் தாங்கும். முழங்கால் ஊன்றும் தரைத்துணிக்குத்தான் கூடுதலாக வேண்டும். ஒழுக்கு பெரும்பாலும் ஊசித்துளை வழியாகவே வருகிறது. தையலின் உட்புறம் நாடா ஒட்டியிருக்கிறதா, மூலைகளில் அது குமிழ்விட்டு எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விலைச்சீட்டை விட அந்த விரல் நம்பகமானது.

காற்றுதான் உண்மையான எதிரி. காற்றின் வேகம் இரட்டித்தால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 30 கி.மீ. காற்றில் அசையாமல் நின்ற கூடாரம் 60 கி.மீ. காற்றில் தரையோடு படுத்துவிடுவதில் வியப்பில்லை. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் தயாரிப்பாளர் முதலில் கைவைப்பது கம்பியில்தான். அலுமினியத்துக்குப் பதில் கண்ணாடியிழை. அது ஓரளவுக்கு வளைந்துகொடுக்கும். பிறகு நீளவாக்கில் நார்நாராகப் பிளந்துவிடும். என் மேசைக்கு வரும்போது பிளந்த முனை துணியுறையைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கையுறையில்லாமல் தொட்டால் கண்ணுக்குத் தெரியாத சிம்புகள் விரலில் ஏறும். 7001 அல்லது 7075 என்று எண்ணிட்ட உறுதியான கலவை அலுமினியக் கம்பி பெரும்பாலும் ஒடிவதற்கு முன் மடங்கும். மடங்கிய இடத்தின்மேல் ஒரு சாண் குழாயைச் செருகி, இருபுறமும் ஒட்டுநாடா சுற்றினால் ஊர் திரும்பும்வரை தாங்கும். கையிருப்பு குறைவு என்றால் வேறு எதில் வேண்டுமானாலும் விட்டுக்கொடுங்கள், கம்பியில் வேண்டாம்.

கூடவே கொடுக்கும் முளைகளை வீட்டிலேயே வைத்துவிடலாம். மெல்லிய கம்பியை வளைத்துச் செய்தவை ஈரமண்ணில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மூன்று விளிம்புள்ள அலுமினிய முளைகளைத் தனியாக வாங்குங்கள். மேல்விரிப்பின் நடுப்பகுதியில் கயிறு கட்டாத வளையங்கள் இருந்தால் அவை அலங்காரத்துக்கு இல்லை, 3 மி.மீ. கயிறு கட்டிப் புயலுக்கு முன்பே இழுத்துவைக்க வேண்டியவை. புதுப்பனியில் எந்த முளையும் நிற்காது. ஒரு கட்டையில் கயிற்றைக் கட்டி, படுக்கைவாட்டில் புதைத்து, மேலே பனியை மிதித்து இறுக்க வேண்டும்.

துணியில் நைலான் எடை குறைந்தது, கிழிசலுக்கு வலியது. ஆனால் ஈரமானதும் தொய்ந்துவிடும். நள்ளிரவில் எழுந்து கயிற்றை இறுக்க வேண்டியிருக்கும். பாலியெஸ்டர் அவ்வளவாகத் தொய்வதில்லை, வெயிலையும் சற்று நன்றாகத் தாங்கும். குறைந்த விலையில் நான் பாலியெஸ்டரையே சொல்வேன்.

வடிவத்தில் என் கட்சி ஒற்றைக் கம்பத்தில் நிற்கும் பிரமிடு கூடாரம். சரிவான சுவர்களில் பனி தங்காது, உடைய அதிகப் பாகங்களும் இல்லை. பெரும்பாலும் தரைத்துணி இருக்காது என்பதால் சேற்றுக் காலணியோடு உள்ளே வரலாம். ஆனால் முளை பிடிக்காத வெறும் பாறையில் அது பயன்படாது. அங்கே தானாக நிற்கும் குவிமாட வடிவம்தான் சரி. எதுவாயினும் மேல்விரிப்பு தரையைத் தொட வேண்டும். பாதியில் நின்று, கீழே வலை மட்டும் இருந்தால், காற்று தூள்பனியை அள்ளி வந்து படுக்கையில் கொட்டும். அதற்காக மேலே உள்ள காற்றுவழியையும் அடைத்துவிடாதீர்கள். மூச்சின் ஈரம் வெளியேற வழியில்லாவிட்டால் விடியும்போது சுவரெல்லாம் நீர் வழியும். பலர் ஒழுக்கு என்று என்னிடம் கொண்டுவருவது இதைத்தான். “இருவருக்கு” என்று எழுதியிருப்பதை ஒருவரும் அவருடைய துப்பாக்கி, பை, நனைந்த உடைகளும் என்று படித்துக்கொள்ளுங்கள். இறைச்சிக்கு உள்ளே இடம் தேடவே வேண்டாம். கரடி திரியும் காட்டில் அதைக் கூடாரத்திலிருந்து 100 மீட்டருக்காவது அப்பால், உயரத்தில் கட்ட வேண்டும்.

அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குளிர் தாங்காமல் எரிவாயு அடுப்பையோ கரித்தணலையோ கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுதலோடு பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்குவதால் நடந்த களைப்பு என்றே தோன்றும். நெருப்பு அணைந்ததுபோல் சாம்பல் பூத்த கரியும் இந்த வாயுவை விடும். விறகடுப்பு வேண்டுமென்றால், புகைக்குழாய்க்கென வெப்பம் தாங்கும் துளை வைத்துத் தைத்த கூடாரம் வாங்குங்கள். சாதாரணக் கூடாரத்தில் நீங்களே துளையிடாதீர்கள், அதைத் தைத்துத் தரும்படி என்னிடம் கேட்கவும் வேண்டாம். அதிலும் உறங்குமுன் நெருப்பை முழுதாக அணைத்து, காற்றுவழியைத் திறந்துவையுங்கள். பேட்டரியில் இயங்கும் வாயு எச்சரிக்கைக் கருவி உள்ளங்கை அளவுதான்; எடையைக் காரணம் காட்டி அதை விட்டுவிட்டுப் போகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

பணம் உண்மையிலேயே இடித்தால், புதிய மலிவுக் கூடாரத்தைவிட நல்ல கூடாரத்தைப் பழையதாக வாங்குவதே என் பரிந்துரை. விரித்துக் காட்டச் சொல்லுங்கள். மடிப்புப் பிரியும்போது உட்புறம் பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை அடித்தால் நீர் புகாமல் தடுக்கும் பாலியூரிதேன் பூச்சு சிதையத் தொடங்கிவிட்டது. அதை என்னாலும் சரிசெய்ய முடியாது. ஜிப், கம்பி, கயிறு எல்லாவற்றையும் மாற்றலாம்.