விண்டோஸ் 10 நின்றுவிட்டது, வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் போடலாமா?

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், பாம்பன் பக்கமிருந்து சர்வீஸுக்கு வரும் பழைய லேப்டாப்புகளோடு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: "விண்டோஸ் 11 ஏறாதுன்னு காட்டுது. லினக்ஸ் போட்டா நம்மளால ஓட்ட முடியுமா?"

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள். பலரால் அதை ஓட்ட முடியும். சிலருக்கு வேண்டவே வேண்டாம் என்று நானே தடுத்துவிடுவேன். கம்ப்யூட்டர் எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது இது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படியில்லை. கொஞ்சம் தெரிந்தவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். விண்டோஸில் பழகிய கை அதே பட்டனை அதே இடத்தில் தேடும். ஒன்றுமே தெரியாது என்பவருக்கு நான்கு ஐகானைக் காட்டிக்கொடுத்தால் வேலை முடிந்தது. பார்க்க வேண்டியது, அந்தப் பெட்டியை வைத்து வீட்டில் என்ன வேலை நடக்கிறது, அதில் எதையெல்லாம் செருகுகிறார்கள் என்பதைத்தான்.

விண்டோஸ் 11 ஏன் ஏறவில்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். 2018-க்கு முன் வாங்கியவை பெரும்பாலும் இதில் அடிபட்டுப் போகும். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்புகள் நம் கடற்கரை ஊர்களில் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் விண்டோஸோடு சேர்ந்து, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் வகையும் வந்தது. அதாவது லினக்ஸ் நம் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடப்புத்தகத்தில்கூட உபுண்டு என்ற லினக்ஸ் வகையும், ஓபன் ஆபீஸ் என்ற இலவச மென்பொருளும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு இது புதுசே இல்லை.

கீழக்கரையில் ஒரு வீடு. மகன் துபாயில். லேப்டாப்பைக் கொண்டுவந்த உம்மாவிடம் நான் முதலில் கேட்டது, "லாத்தா, இதுல என்னென்ன செய்வீங்க?"

"மகனோட ஜூம்ல பேசுறது, யூடியூப்ல பயான் கேக்குறது, கரண்டு பில்லு கட்டுறது, பேத்திக்கு ஸ்கூல்ல சொல்றத பிரிண்ட் எடுக்குறது. வேற என்ன தம்பி?"

வேறு ஒன்றுமில்லை என்றால் இது லினக்ஸுக்கு ஏற்ற வீடு. அவர் சொன்னதில் முக்கால்வாசி பிரவுசரில் நடப்பது. குரோம், பயர்ஃபாக்ஸ் இரண்டும் லினக்ஸில் அப்படியே ஓடும். ஜூமுக்கு லினக்ஸ் பதிப்பு இருக்கிறது. வாட்ஸ்அப் வெப், ஐஆர்சிடிசி, வங்கித் தளங்கள் எல்லாம் பிரவுசருக்குள் அடக்கம். இப்படிப்பட்ட வீடுகளுக்கு நான் போடுவது லினக்ஸ் மின்ட் என்ற வகை. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் நேரமும் வைஃபையும், பார்த்தவுடன் பிடிபடும். பழைய பெட்டி என்றால் அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. நான் அதிக நேரம் செலவழித்தது பிரிண்டரில்தான்.

பிரிண்டர் விஷயத்தை யாரும் முதலில் கேட்பதில்லை. ஆனால் மாறியவர்கள் திரும்பி வருவதற்கு முதல் காரணம் அதுதான். எச்பி பிரிண்டர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் எளிதாக ஓடும், எப்சனின் டேங்க் பிரிண்டர்களும் பரவாயில்லை. நம் ஊரில் ஜெராக்ஸ் கடை, லாட்ஜ், வீடு என்று எங்கே பார்த்தாலும் இருக்கும் கேனான் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் ஓட வைப்பது பெரும்பாடு. ஓடினாலும் அடுத்த பெரிய அப்டேட்டில் நிற்கலாம். அந்த பிரிண்டர் வீட்டில் தினமும் ஓடுகிறது என்றால், லினக்ஸ் போடுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள் மாறவே வேண்டாம். ராமேஸ்வரத்தில் லாட்ஜ் கணக்கு, தங்கச்சிமடத்தில் மீன் கம்பெனிக் கணக்கு என்று வீட்டில் வைத்தே பார்க்கிறவர்கள் உண்டு. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஜிஎஸ்டியில் கையெழுத்துப் போட டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி கருவி) செருகுகிறவர்களுக்கும் இதே பதில்தான். ஆதார் விரல்ரேகைக் கருவி வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கும் வேலையைச் செய்கிறவர்களுக்கும், போட்டோஷாப், கோரல்டிரா வைத்து பேனர் அடிக்கிறவர்களுக்கும் அப்படித்தான். குறுக்கு வழிகள் இருக்கின்றன என்று இணையத்தில் யாராவது சொல்வார்கள். இருக்கலாம். அவர் வந்து உங்கள் வீட்டில் சரி செய்து கொடுக்க மாட்டார்.

தமிழ் டைப்பிங்கைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்99, பழைய தட்டச்சு, ஆங்கில ஒலிப்பு முறை எல்லாமே லினக்ஸில் கிடைக்கும். என்எச்எம் ரைட்டர் போன்ற விண்டோஸ் மென்பொருள்தான் வராது. தேவிபட்டினம் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஊர்க் கோயில்கள் பற்றிப் பல வருடமாக எழுதி வைத்திருந்தார், எல்லாம் பாமினி எழுத்துருவில். லினக்ஸில் திறந்ததும் வரி வரியாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தது. மனிதருக்கு முகமே வாடிவிட்டது. எழுத்து எதுவும் அழியவில்லை, எழுத்துருதான் இல்லை. பழைய டிஸ்கில் இருந்து பாமினி கோப்பை எடுத்துப் போட்டதும் எல்லாம் தமிழாகிவிட்டது. அத்தோடு நிற்காமல், "ஐயா, இதையெல்லாம் யூனிகோடுக்கு மாத்திடுவோம்" என்று சொல்லி, தனி எழுத்துரு இல்லாமலே எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகத் தெரியும் அந்த முறைக்கு மாற்றியும் கொடுத்தேன். லினக்ஸுக்குப் போனாலும் போகாவிட்டாலும், பழைய எழுத்துருவில் குடும்ப எழுத்து எதையாவது வைத்திருப்பவர்கள் இதை உடனே செய்துவிடுங்கள்.

சரி, பாதுகாப்பு. அப்டேட் இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே மாதம் வந்த, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை வைரஸ் போதும். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. அடிபட்டவை அதைப் போடாத கம்ப்யூட்டர்கள். இங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு: திருட்டு விண்டோஸும், அதை ஆக்டிவேட் செய்ய இறக்கும் ஃபைலும். பல நேரம் அந்த ஃபைலே வைரஸ். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டச் சொல்லும் எதையும் தொடாதீர்கள். இலவசமாக, சட்டப்படி, அப்டேட்டோடு கிடைக்கும் லினக்ஸ் இந்த இடத்தில் உண்மையிலேயே நல்லது.

ஆனால் லினக்ஸ் போட்டால் யாரும் ஏமாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போலி வங்கிப் பக்கம் லினக்ஸிலும் அதே மாதிரிதான் திறக்கும். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டுகிறவனுக்கு உங்கள் லேப்டாப்பில் என்ன ஓடுகிறது என்பது பற்றிக் கவலையே இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும், எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும்.

டேலி, டிஎஸ்சி காரணமாக மாற முடியாதவர்களுக்கு, விண்டோஸ் 10-ஐ வீட்டில் பயன்படுத்துகிறவர்களுக்கான நீட்டிப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் 13 வரை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அந்த இடைவெளியில் புதுப் பெட்டிக்குக் காசு சேர்ப்பதுதான் அவர்களுக்கு ஒழுங்கான வழி.

"ரொம்ப ஸ்லோவா இருக்கு, லினக்ஸ் போட்டா வேகமாகும்னு சொன்னாங்க" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பின்மூடியைத்தான் கழற்றுவேன். கடலைப் பார்த்த வீடுகளில் உப்புக்காத்து யுஎஸ்பி துளையிலும் ஃபேனுக்கு அடியிலும் பச்சை படிய வைத்திருக்கும். உள்ளே பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கும், ரேம் 2 ஜிபி இருக்கும். இதற்கு லினக்ஸ் மருந்தில்லை. அந்த டிஸ்குக்குப் பதில் சுழலும் பாகம் இல்லாத, வேகமான எஸ்எஸ்டி மாற்றி, ரேமை 4 ஜிபி ஆக்கினால்தான் எந்த சிஸ்டமும் ஒழுங்காக ஓடும். 2 ஜிபியில் லினக்ஸ் ஏறும், ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறும்.

முயன்று பார்க்க நினைப்பவர்கள் உடனே எதையும் அழிக்க வேண்டாம். பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். டிஸ்கில் ஒன்றும் மாறாது. கொஞ்சம் மெதுவாக இருக்கும், அது பென்டிரைவின் வேகம். அந்த நேரத்தில் வைஃபை, சத்தம், கேமரா, பிரிண்டர் நான்கையும் சோதியுங்கள். வைஃபை எடுக்கவில்லை என்றால் கைபேசியை வயரில் இணைத்து, அதன் இன்டர்நெட்டை லேப்டாப்புக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். டிரைவர் இறக்குவதற்கு அது போதும். சில லேப்டாப்புகளில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு உரிமையாளருக்கே தெரியாமல் போடப்பட்டிருக்கும். பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) கை வைப்பதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

எனக்குப் பிடித்த வழி, புது எஸ்எஸ்டி வாங்கி அதில் லினக்ஸ் போடுவது. பழைய டிஸ்கை அப்படியே கழற்றி, பெயர் எழுதி, பீரோவில் வைத்துவிடலாம். உப்புக்காத்து படாமல் மூடிய கவரில் வையுங்கள். ஒத்துவரவில்லை என்றால் பழையதைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். போட்டோக்கள் மட்டும் அந்த டிஸ்கை நம்பி இருக்கக் கூடாது. இன்னொரு நகல் வேண்டும்.

ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். போட் வீடுகளில் ஆட்கள் கரையில் இருப்பதால் அப்போதுதான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பிளஸ் டூ ரிசல்ட்டும் கல்லூரி விண்ணப்பமும் அதே நேரத்தில்தான் வரும். வீட்டில் விண்ணப்பிக்கிற பிள்ளை இருந்தால், பதிவும் சான்றிதழ் ஏற்றுவதும் முடியட்டும். அப்புறம் கொண்டு வாருங்கள்.