வீடு பார்க்க மே மாதம் வராதீர்கள்

குன்னூரில் கட்டடப் பொறியாளராக இருக்கிறேன். கொஞ்ச வருஷமாக வீடு கட்டிக் கொடுப்பதைவிட, மற்றவர்கள் வாங்கப் போகிற வீட்டைப் பார்த்துச் சொல்கிற வேலைதான் அதிகம். கோவை, திருப்பூர், சென்னை என்று கீழே இருந்து வருகிறவர்கள், ரிட்டயர் ஆனதும் மலையில் ஒரு வீடு வேண்டும் என்பவர்கள். எல்லாரும் மே மாதம்தான் வருகிறார்கள். பிள்ளைகளுக்கு லீவு, ஊட்டியில் மலர்க் கண்காட்சி, கீழே வெயில் கொளுத்துகிறது, இங்கே காற்று ஜிலுஜிலு என்று இருக்கிறது, புரோக்கர் பால்கனியில் நிற்க வைத்து வியூ காட்டுகிறார், கையில் அட்வான்ஸ் வந்துவிடுகிறது. வியூ இவ்வளவு நன்றாக இருக்கிறதென்றால் வீடு சரிவின் விளிம்பில் நிற்கிறது என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது.

மே மாதத்தில் எல்லா வீடும் நல்ல வீடுதான். சுவர் காய்ந்திருக்கும், போன மழையின் கறை புது பெயின்டுக்குள் போயிருக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வாங்குகிறீர்களா, வடகிழக்குப் பருவமழையில் வாருங்கள், நவம்பர் சரியான மாதம். கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் என்றால் ஜூலை, ஆகஸ்ட். எல்லாம் ஒரே நீலகிரி மாவட்டம்தான், ஆனால் மழை இரண்டு திசையில் இருந்து வருகிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது, அந்த மழையில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டரைத் தாண்டியது. அதனால் வீட்டுக்காரரிடம் எதைக் கேட்கிறீர்களோ இல்லையோ, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் "2009 மழையில இங்க என்னாச்சும்மா?" என்று கேளுங்கள். பத்திரத்தில் இல்லாததெல்லாம் அங்கே கிடைக்கும்.

போன வருஷம் ஒரு கோவைத் தம்பதி. மே மாதம் பார்த்து ஐம்பதாயிரம் டோக்கன் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள் (எப்போதும் இந்த வரிசைதான்). சரிவை வெட்டி உட்கார வைத்த வீடு, பின் சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவே நாலடிகூட இல்லை. உள்ளே எல்லாம் பளபளப்பு. நான் சட்டைப் பையில் ஒரு கோலிக்குண்டு வைத்திருப்பேன், அதைப் படுக்கையறைத் தரையில் வைத்தேன், நிதானமாக உருண்டு போய்ப் பள்ளத்தாக்குப் பக்கச் சுவரில் முட்டி நின்றது. அது மட்டும் இருந்தால் பரவாயில்லை, பழைய வீட்டில் தரை வாட்டமாகவும் போட்டிருக்கலாம். பின் சுவரோடு ஒட்டி ஒரு பெரிய பீரோ. "சார், இதைக் கொஞ்சம் நகர்த்தலாமா?" என்றேன். வீட்டுக்காரர் முகம் மாறியது. நகர்த்தினால், இடுப்பு உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, கீழே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. மே மாதத்திலேயே இப்படி.

வெளியே போய்த் தடுப்புச் சுவரைப் பார்த்தோம். மலையில் வீட்டைவிட முக்கியம் அதுதான். சுவரில் தண்ணீர் வடிய வரிசையாகத் துளை இருக்க வேண்டும், பின்னால் ஜல்லி நிரப்பியிருக்க வேண்டும். மழை பெய்து முடிந்தபின் அந்தத் துளையில் தண்ணீர் சொட்டினால் சந்தோஷப்படுங்கள். காய்ந்து கிடந்தால்தான் பயம், தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த வீட்டில் சுவரைப் பூசிய கொத்தனார் துளைகளையும் சேர்த்துப் பூசிவிட்டிருந்தார். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. மேலே நின்ற கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) அடியில் வளைந்து அப்புறம் நேராக வளர்ந்திருந்தன, அதாவது அந்த மண் பல வருஷமாக மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. டோக்கன் போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

சரி, பணத்துக்கு வருவோம், ஏனென்றால் நிறையப் பேர் தப்பாகக் கணக்குப் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறார்கள். ஐம்பது லட்சத்து வீடு, எண்பது சதவீதம் லோன், கையில் பத்து லட்சம் போதும் என்று. வங்கி அனுப்புகிற மதிப்பீட்டாளர் பழைய வீட்டுக்கு 42 லட்சம்தான் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் எண்பது சதவீதம் 33 லட்சத்து 60 ஆயிரம். மீதி 16 லட்சத்து 40 ஆயிரம் உங்கள் கையில் இருந்து. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அது நாலரை லட்சம், லோனில் வராது. மொத்தம் கிட்டத்தட்ட 21 லட்சம் கையில் வேண்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்கிறவருக்குக் கொடுக்கிற பணத்தில் 1 சதவீதத்தை வருமான வரியாக (டிடிஎஸ்) பிடித்துக் கட்டுவதும் வாங்குகிறவர் பொறுப்பு.

பத்திரம் நல்ல வக்கீலிடம் கொடுங்கள், அது என் வேலை இல்லை. ஆனாலும் இங்கே அடிக்கடி கண்ணில் படுகிறவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் வில்லங்கச் சான்று குறிப்பிட்ட வருஷத்துக்கு அப்புறம்தான் கிடைக்கும், பழைய பங்களா என்றால் அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் பட்டாவில் உள்ள எல்லாருடைய சம்மதமும் வேண்டும், ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் அவருக்காகவும் காத்திருக்க வேண்டியதுதான். கூடலூரில் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், ஜென்மி ஒழிப்புச் சட்டத்தில் (ஜென்மி என்றால் ஜமீன் மாதிரி அந்தக் காலத்து நில உடைமையாளர்) பிரிவு 17 நிலமா என்று முதலில் கேளுங்கள், அங்கே பட்டாவே இல்லாமல் தலைமுறையாக இருக்கிறார்கள், வங்கி திரும்பிக்கூடப் பார்க்காது. மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன விஷயம் அது.

வரைபட அனுமதியை மட்டும் நீங்களே கையில் வைத்து வீட்டோடு ஒப்பிடுங்கள். இங்கே கட்டட உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ரோட்டில் இருந்து பார்த்தால் ஒரு மாடி தெரியும், பின்னால் சரிவில் இறங்கிப் பார்த்தால் கீழே இன்னும் இரண்டு மாடி இருக்கும், அனுமதியில் அவை இருக்காது. அப்புறம் ரிப்பேர் செய்யலாம் என்று நினைக்காதீர்கள், பொக்லைன் கொண்டுவரவே அனுமதி வாங்க வேண்டிய மாவட்டம் இது.

அடுத்தது, வீட்டுக்குப் போகிற வழி. ரோட்டில் இருந்து அறுபது படி இறங்கி வீடு என்றால், ஒரு மூட்டை சிமென்ட்டுக்கும் தலைச்சுமைக் கூலி தனி. முடியாத ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து அறுபது படி தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படி யாருடைய நிலத்தில் இருக்கிறது, வழி உரிமை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

முடிந்தால் ஒரு வருஷம் வாடகைக்கோ போக்கியத்துக்கோ இருந்து பாருங்கள். அந்தக் கோவைத் தம்பதி ஏறக்குறைய அதைத்தான் செய்தார்கள். நவம்பர் முழுக்கக் குடையோடு வீடு பார்த்தார்கள், ஜனவரி உறைபனியில் அந்த வீட்டம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். பிப்ரவரியில் அருவங்காட்டுப் பக்கம் ஒரு சின்ன வீடு வாங்கினார்கள், வியூ கிடையாது, எதிரே இன்னொரு வீட்டுச் சுவர்தான். போன மாதம் அந்த அம்மா போன் செய்தார். தடுப்புச் சுவர் சொட்டுகிறதாம், ஆனால் காட்டெருமை வந்து பீன்ஸ் கொடி முழுக்கத் தின்றுவிட்டதாம், அதற்கு என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறார்.