பயிர் பச்சையாக இருந்தால் போதுமா?

ஆலைக் கழிவுநீர் பாய்ந்த நிலத்தைக் காட்டி விவசாயிகள் என்னிடம் பெரும்பாலும் ஒன்றுதான் கேட்பார்கள்: "எந்த பாக்டீரியா போட்டால் இந்த விஷம் போகும்?" எதைப் போட்டாலும் போகாது. அந்த விஷம் காட்மியம், ஈயம் போன்ற கன உலோகங்கள்; அவை தனிமங்கள். பூச்சிமருந்தைச் சிதைப்பதுபோல அவற்றைச் சிதைக்க எந்த நுண்ணுயிராலும் முடியாது. வேருக்கு எட்டாமல் பிடித்துவைக்கலாம், சிலவற்றை நச்சு குறைந்த வடிவத்துக்கு மாற்றலாம்.

அதுவே பெரிய உதவிதான். கன உலோகத்தால் திணறும் செடியில் எத்திலீன் என்ற வளர்ச்சி ஹார்மோன் கூடி, வேர் குறுகிவிடும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வகைகளில் சில, எத்திலீன் உருவாகத் தேவையான மூலப்பொருளையே சிதைத்துவிடுவதால் வேர் மறுபடி ஓடத் தொடங்கும். வேறு சில பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிச் சுரக்கும் பசையில் உலோகத்தை ஒட்டவைத்துக்கொள்ளும்.

ஆனால் பயிர் தெம்பாக நிற்பதாலேயே அது உண்ணத் தகுந்தது என்று நினைத்துவிடக் கூடாது. காட்மியம் இதில் மோசம். உணவு வரம்பைத் தாண்டிய பிறகும் இலையில் ஒரு அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். கீரை வகைகளில் காட்மியத்துக்கு, சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்தான். உயிர் உரமாக விற்கப்படும், பாஸ்பரஸைக் கரைக்கும் பாக்டீரியாக்களில் பல, அமிலம் சுரந்துதான் அதைச் செய்கின்றன. அந்த அமிலம் உலோகத்தையும் கரைத்து வேருக்குக் கொடுத்துவிடக்கூடும். செடியைக் கொண்டு உலோகத்தை உறிஞ்சி, அறுத்து அப்புறப்படுத்துபவருக்கு இது நல்லது. சாப்பாட்டுப் பயிருக்கு ஆகாது. 'உயிர் உரம்' என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கரிமப் பொருளில் நன்றாக மக்கியதையே போடுங்கள். அரைகுறையாக மக்கியதிலிருந்து நீரில் கரைந்து வரும் கரிமச் சேர்மங்கள் உலோகத்தையும் கூட்டிக்கொண்டு ஓடும். குரோமியம் உள்ள மண்ணில் தொழுவுரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியம், நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வடிவமாக மாற அது துணைசெய்கிறது. நகரக் குப்பைக் கம்போஸ்ட் என்றால் முதலில் அதிலேயே ஈயம் இருக்கிறதா என்று சோதியுங்கள்.

மண் அமிலமாக இருந்தால் சுண்ணாம்பு இட்டு அமிலத்தன்மையைக் குறைப்பது காட்மியத்தைக் கட்டிப்போடும். ஆர்செனிக் உள்ள நிலத்தில் அதே வைத்தியம் எதிராகத் திரும்பலாம். நெல்வயலிலும் இதே இழுபறிதான்: தண்ணீர் தேங்கினால் காட்மியம் அடங்கும், ஆர்செனிக் கிளம்பும். எந்த உலோகம் என்று தெரியாமல் வைத்தியம் தொடங்கவே வேண்டாம்.

மண் பரிசோதனையில் மொத்த அளவோடு செடிக்குக் கிடைக்கக்கூடிய அளவையும் கேளுங்கள். அறுவடையானதும் தானியத்தையோ கீரையையோ ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இத்தனைக்குப் பிறகும் வரம்பைத் தாண்டினால், அந்த நிலத்துக்குப் பருத்தியோ மரப்பயிரோதான் சரி.