டோரா: தேனீயின் பெயரில் ஒரு போர்ப்படகு

போர்க்கால இலங்கைச் செய்திகளைத் தமிழில் படித்தவர்களுக்கு ‘டோரா’ புதிய சொல் அல்ல. கடற்படையின் அதிவேகத் தாக்குதல் படகு எதுவானாலும் பேச்சில் அது டோராதான்.

மூலம் எபிரேய மொழி. ‘த்வோரா’ என்றால் தேனீ. விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில் வரும் தெபொராளின் பெயரும் இதே சொல்தான். இஸ்ரேல் விமானத் தொழிற்சாலை கட்டிய படகு இது. இதற்கு முன்னோடியான படகின் பெயர் ‘தபூர்’, அதாவது குளவி. 1980களின் நடுப்பகுதியில் இலங்கை இவற்றை வாங்கியது. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் தமிழ் வாய்க்கு ஒத்துவராது. அப்படித்தான் ‘வ்’ உதிர்ந்து டோரா ஆகியிருக்க வேண்டும்.

ஆனால் டோரா ஒரு வகையின் பெயர் மட்டுமே. திருகோணமலையைத் தளமாகக் கொண்ட 4ஆவது அதிவேகத் தாக்குதல் படகு அணியில் ‘ஷல்டாக்’ வகையும் உண்டு. அந்த எபிரேயப் பெயருக்குப் பொருள் மீன்கொத்தி. அதையொட்டிக் கொழும்புக் கப்பல்கட்டும் தளத்திலும் படகுகள் கட்டினார்கள். டோராவுக்கும் ஷல்டாக்குக்கும் ஓட்டமே வேறு. ஷல்டாக் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சி முன்னேறும். டோராவின் மேம்பட்ட வடிவமான சூப்பர் டோராவின் இரண்டாம் வகையில் சுழலிகள் பாதி நீருக்கு மேலே நின்று சுற்றும். பின்னால் வெள்ளை நுரை வாரி எழும். அடிப்பகுதி ஆழமாக இறங்காததால் கரையோர ஆழமற்ற நீரிலும் ஓட்டலாம். வேகம் மணிக்கு 45 கடல்மைல் அளவு, அதாவது 80 கிலோமீட்டருக்கும் மேல்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பீரங்கிப் படகு’ என்று பத்திரிகைகள் எழுதின. அதில் ஆயுதம் தெரிகிறது, வேகம் தெரியவில்லை. ‘விசைப்படகு’ மீனவர் படகையும் குறிக்கும், குழப்பம்தான். ‘கலம்’ நல்ல பழஞ்சொல். ஆனால் புறநானூற்றின் 343ஆம் பாட்டில் கலம் கடலில் நிற்க, அது கொண்டுவந்த பொன்னைத் தோணிதான் கழி வழியே கரை சேர்க்கிறது. அங்கே கலம் பெரியது. இருபது மீட்டர் சொச்சம் நீளமுள்ள ஒன்றுக்குப் ‘படகு’ போதும் என்பேன். ஏவுகணை தாங்கும் பெரியவற்றுக்கு ‘விரைவுத் தாக்குதற் கலம்’ என்பதை வைத்துக்கொள்ளலாம். பொதுவாக எழுதும்போது ‘அதிவேகத் தாக்குதல் படகு’. வகை உறுதியாகத் தெரிந்தால் மட்டும் டோரா.